அரை இஞ்சும் ஆறு மேற்கோள் குறிகளும்

சிம்மக்கல்லில் சித்தப்பா வைத்திருக்கும் ஹார்டுவேர் கடையில் எதைத் தொட்டாலும் இஞ்சுக் கணக்குதான். அரை இஞ்சு எல்போ, முக்கால் இஞ்சு டீ, ஒன்றரை இஞ்சு பைப். எக்செல்லில் எல்லாம் 1/2", 3/4" என்றே ஏறியிருந்தன. பட்டனைத் தட்டினால் எந்தச் சாமான் எத்தனை இருக்கிறது என்று காட்ட ஒரு மேக்ரோ (எக்செல்லுக்குள் ஓடும் சிறு நிரல்) கேட்டார். ஒரு மதியத்து வேலை என்று நினைத்து உட்கார்ந்தேன்.

முதல் வரியே சிவப்பாகிவிட்டது. மேக்ரோ எழுதும் விபிஏ மொழியில் ஒரு சரம் (எழுத்துத் தொடர்) தொடங்குவதும் முடிவதும் இரட்டை மேற்கோளில்தான். "1/2" எல்போ" என்று எழுதினால் இஞ்சுக் குறியோடு சரம் முடிந்தது என்று எடுத்துக்கொள்கிறது; எல்போ அந்தரத்தில் தொங்குகிறது. பைத்தான் மொழியில் என்றால் வெளியே ஒற்றை மேற்கோள் போட்டுத் தப்பிவிடலாம். இங்கே ஒற்றை மேற்கோளைப் போட்டால் அதற்குப் பின்னால் வருவதெல்லாம் கணினி கண்டுகொள்ளாத வெறும் குறிப்புரை! உள்ளே வரும் குறியை இரட்டித்து "1/2"" எல்போ" என்று எழுதியதும் அடங்கியது.

(சாமான் பெயர்களை ஆங்கில எழுத்தில் ஏற்றியிருந்தது நல்லதாகப் போயிற்று. விபிஏ எடிட்டரில் தமிழை ஒட்டினால் வெறும் கேள்விக்குறிகள். ‘மொத்த இருப்பு’ என்ற தலைப்பை ஒரு செல்லில் எழுதி அங்கிருந்து எடுத்துக்கொண்டேன்.)

அடுத்து, பெயரைச் செல்லிலிருந்து எடுத்து, அந்தப் பெயருள்ள வரிகளை மட்டும் கூட்டும் சம்இஃப் சூத்திரத்தில் கோத்தேன். 1004 என்று பிழை வந்தது. அரை மணி நேரம் சுற்றியடித்த பிறகுதான் சூத்திரத்தை விபிஏ எடிட்டரின் இமீடியட் ஜன்னலில் அச்சிட்டுப் பார்க்கத் தோன்றியது. செல்லிலிருந்து வந்த இஞ்சுக் குறி, இம்முறை சூத்திரத்தின் மேற்கோளை முறித்திருந்தது. அதையும் இரட்டிக்க வேண்டும். ஒன்றை இன்னொன்றாக மாற்றும் கட்டளை இது: ரீபிளேஸ்(பெயர், """", """"""). ஓரங்களில் உள்ள இரண்டும் சரத்தின் எல்லை; உள்ளே ஒவ்வொரு ஜோடியும் ஒரு குறி. அதனால் நான்கு குறி என்றால் ஒன்று, ஆறு என்றால் இரண்டு. கண்ணைக் கட்டுகிறது என்பவர்கள் சிஹெச்ஆர்(34) என்று எழுதலாம். அதுவும் அதே குறிதான்.

மேக்ரோ ஓடியது. சித்தப்பா தாளைப் பார்த்துவிட்டு, “அரை இஞ்சு எல்போவில் நாற்பது குறைகிறதே தம்பி” என்றார். பெட்டியை எண்ணினால் அவர் சொன்னதுதான் சரி. கடைப் பையன் சில வரிகளில் இஞ்சுக் குறிக்குப் பதில் ஒற்றை மேற்கோளை இருமுறை தட்டியிருக்கிறான். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரிகின்றன. அந்த ஜோடியை முதலில் இஞ்சுக் குறியாக மாற்றும் வரி ஒன்றைச் சேர்த்த பிறகு நாற்பதும் வந்து சேர்ந்தது.