பெயரிலேயே கிறிஸ்தவம் உள்ள கட்சி

2003இல் எனக்கு முதல் வாக்கு அட்டை வந்தபோது நாங்கள் நோர்வேக்கு வந்து மூன்றரை வருசம்தான். குடியுரிமை இல்லை, மொழியும் அரைகுறை. ஆனால் மூன்று வருசம் தொடர்ந்து வதிந்தவர் எந்த நாட்டவரானாலும் நகரசபைத் தேர்தலில் வாக்களிக்கலாம் என்பது இங்கே 1983 முதல் உள்ள நடைமுறை. யாழ்ப்பாணத்துக்குப் போன் எடுத்து அம்மாவிடம் சொன்னேன். "பேரிலேயே கிறிஸ்தவம் உள்ள கட்சி ஒண்டு அங்க இருக்காமே. பிறகென்ன யோசினை? அதுக்குப் போடு" என்றா.

அம்மாவுக்கு அது பெரும் புதினம். நாங்கள் யாழ்ப்பாணத்தின் கத்தோலிக்க மீனவ ஊரான பாசையூர் ஆட்கள். வீட்டுச் சுவரில் அந்தோனியார் படத்துக்குப் பக்கத்தில் தமிழரசுக் கட்சித் தலைவர் தந்தை செல்வாவின் படம் தொங்கும். அவர் கிறிஸ்தவர், சைவர்கள் நிறைந்த காங்கேசன்துறையில் நின்று வென்றவர். எங்களுக்குக் கட்சி என்றால் மொழியும் நிலமும்தான். விவாகரத்து, கருக்கலைப்பு எல்லாம் மேடைப் பேச்சு அல்ல, குசினிக்குள் குரலைத் தாழ்த்திப் பேசுகிற சங்கதி.

இங்கே கிறிஸ்தவ மக்கள் கட்சி 1933இல் எங்கள் பேர்கன் பக்கத்தில், ஹோர்டலன்ட் மாவட்டத்தில்தான் பிறந்ததாம். நான் முதல் வாக்குப் போட்ட காலத்தில் பிரதமராக இருந்த பொண்டெவிக் அந்தக் கட்சிக்காரர், லுத்தரன் போதகரும்கூட. 1998இல் பிரதமராக இருக்கும்போதே தனக்கு மனச்சோர்வு என்று வெளிப்படையாகச் சொல்லி மருத்துவ விடுப்பு எடுத்தவர். முதியோர் இல்லத்தில் என்னோடு வேலை செய்த ஒருத்தி இதைச் சொன்ன அன்றே எனக்கு அவரில் மரியாதை வந்துவிட்டது. அம்மா சொன்னபடியே போட்டேன்.

கீழ்வீட்டுச் சைவ அண்ணர்தான் முதலில் கல் எறிந்தவர். அந்தக் கட்சியில் பொறுப்புக்கு வருவதென்றால் கிறிஸ்துவை விசுவசிப்பதாக அறிக்கையிட வேண்டும் என்ற விதி இருந்தது; 2013இல்தான் எடுத்தார்கள். "செல்வாவிட்ட நாங்கள் திருநீறு பூசச் சொல்லிக் கேட்டனாங்களோ?" என்றார் அண்ணர். சிரித்துச் சமாளித்தேன்.

அடுத்த வருசம் சண்டை எங்கள் சாப்பாட்டு மேசைக்கே வந்தது. குடும்ப வைத்தியர், மனச்சாட்சி இடம் கொடுக்காவிட்டால், கருக்கலைப்புக்குக் கடிதம் கொடுக்க மறுக்கலாம் என்று கட்சி அரசோடு பேசி உடன்பாடு கண்டிருந்தது. பூசை முடிந்து கோப்பி குடிக்கும்போது எங்கள் ஆட்களுக்கும் போலந்துக்காரருக்கும் ஒரே சந்தோசம். 2014 மார்ச் 8, என் மகள், பதினேழு வயது, அதை எதிர்த்து ஊர்வலம் போனாள். நான் கத்தினேன். அவள் கத்தவில்லை. "அம்மா, ஒரு சின்னத் தீவில ஒரேயொரு டொக்டர். அவர் மாட்டன் எண்டா அந்தப் பிள்ளை ஆரிட்டப் போறது?" என்றாள். மறுமொழி வரவில்லை. ஆளையாள் தெரிந்த சின்ன ஊரில் ஒரு பெண் கதவைத் தட்டத் தயங்குவது எப்படியிருக்கும் என்று பாசையூர்க்காரிக்குச் சொல்லித்தர வேண்டுமா? அந்த வசந்தத்திலேயே அரசு பின்வாங்கியது.

2018 ஒக்டோபரில் எனக்கு முறை வந்தது. போலந்திலிருந்து வந்த கத்தோலிக்க மருத்துவர் ஒருவர், கருப்பையில் வைக்கும் கருத்தடைச் சாதனத்தைப் பொருத்த மறுத்ததால் வேலை போனவர், உச்ச நீதிமன்றத்தில் வென்றுவிட்டார். வேலைக்குச் சேரும்போதே அதைச் சொல்லி ஒத்துக்கொள்ளப்பட்டிருந்தது என்பது தீர்ப்பு. வெற்றிக் களிப்போடு மகளுக்கு வாசித்துக் காட்டினேன். "சரியாத்தான் தீர்த்திருக்கினம். சொல்லிப்போட்டுத்தானே சேர்ந்தவ" என்றாள். சண்டைக்குத் தயாராக நின்ற எனக்கு ஏமாற்றமாகப் போய்விட்டது.

மூன்று வாரம் கழித்து நவம்பர் 2, இடதுபக்கம் தொழிற்கட்சியோடு போவதா, வலதுபக்கம் அப்போதைய பிரதமர் சூல்பெர்க்கின் அரசில் சேருவதா என்று கிறிஸ்தவ மக்கள் கட்சி மாநாட்டில் வாக்கெடுத்தார்கள். தலைவர் ஹாரைட இடதுபக்கம் என்றார். 98க்கு 90 என்று வலதுபக்கம் வென்றது. அதற்கு முந்திய வாரங்களில் கருக்கலைப்புச் சட்டத்தில் ஒரு பந்தியை மாற்றுவது பற்றிப் பேசலாம் என்று சூல்பெர்க் ஆசை காட்டியிருந்தார். மீன் சந்தையில் பாரைக்கு விலை பேசின மாதிரி. மகள் என் விசுவாசத்தோடு ஒத்துப்போகாதது எனக்கு நோகிறதுதான், ஆனால் அவள் அதை ஒருநாளும் விலை பேசியதில்லை.

2019 செப்டெம்பரில் நகரசபைத் தேர்தல். இங்கே ஒரு கட்சியின் பட்டியலை எடுத்து, வேறு கட்சி வேட்பாளரின் பெயரையும் அதில் எழுதலாம். வேறொரு கட்சியின் தாளை எடுத்தேன்; கிறிஸ்தவக் கட்சியில் நின்ற, நான் மதிக்கிற ஒருத்தியின் பெயரைக் கீழே எழுதி மடித்துப் போட்டேன்.

இரவு அம்மா எடுத்தா. "அதுக்குத்தானே போட்டனி?"

"கொஞ்சம் போட்டனான் அம்மா."