மேல் சட்டம் ஏன் இரண்டு அங்குலம் இறங்குகிறது?

1880களில் கட்டிய லண்டன் வரிசை வீட்டின் முன்னறை சாஷ் ஜன்னல்: மேலும் கீழுமாகச் சறுக்கும் இரண்டு கண்ணாடிச் சட்டங்கள். ஒவ்வொரு சட்டத்தின் இரு பக்கமும் ஒரு கயிறு கப்பி வழியே போய், ஜன்னல் ஓரத்து மரப்பெட்டிக்குள் ஓர் எடையில் முடியும்; அந்த எடைகள்தான் சட்டத்தைத் தூக்கிப்பிடிக்கும். மூன்று முறை கழற்றி மாட்டியபின் மேல் சட்டம் ஒருவழியாக நிற்கிறது.

முதல் சந்தேகம் எடைமேல்தான். 1845இல் கண்ணாடி வரி நீங்கியதும் சின்னச் சில்லுகள் போய்ப் பெரிய கண்ணாடி வந்தது; கூடிய பாரத்தைத் தாங்கத்தான் சட்ட மூலைகளில் ‘கொம்பு’ (நீட்டிவிட்ட மரமுனை) முளைத்தது. இங்கே 0.6 சதுர மீட்டர் கண்ணாடி. பழைய 3 மி.மீ. 4.5 கிலோ, புதிய 6.4 மி.மீ. லேமினேட்டட் (நடுவே படலம் வைத்து ஒட்டிய கண்ணாடி) 9.3. மரம் 4 கிலோ. ஆகப் பக்கத்துக்கு 6.65 கிலோ எடை. மேல் சட்டம் மேலேயே நிற்கக் கால் கிலோ கூட்டி 6.9, கீழ்ச் சட்டம் கீழேயே நிற்கக் கால் கிலோ குறைத்து 6.4.

40 மி.மீ. தடிமன் இரும்பு உருளையில் 6.9 கிலோ என்றால் 76 செ.மீ. நீளம். பெட்டியின் சின்னக் கதவு வழியே அது நுழையாது. ஈயத்தில் 49 செ.மீ. போதும், பழைய இரும்பும் ஏறக்குறைய அதே நீளம்தான். ஈயத்தைக் கையுறை போட்டுத் தொடுங்கள். பழைய பெயின்டிலும் ஈயம் இருக்கும், ஈரமாகத்தான் தேய்க்க வேண்டும்.

ஈயம் மாட்டியும் அதே இரண்டு அங்குலம்! அங்கேதான் துப்பு இருந்தது. எடை போதாவிட்டால் சட்டம் அடிவரை வரும். கொஞ்சம் இறங்கி நின்றால் குற்றவாளி கயிறு. மேல் சட்டம் மூடியிருக்கும்போது எடை பெட்டியின் அடியில் தொங்கும். கயிறு நீண்டால் எடை தரையில் உட்கார்ந்துவிடும். பிறகு சட்டத்தைத் தூக்கிப்பிடிக்க எதுவுமில்லை. எடை மறுபடி தரையை விட்டு எழும்வரை சட்டம் இறங்கும்.

மெழுகு பூசிய பருத்திக் கயிறும் நீளும். அதே எடையை ஓர் இரவு தொங்கவிட்டு, பிறகு அளந்து வெட்டுங்கள்: சட்டம் மேலே முட்டி நிற்கையில் எடைக்கும் தரைக்கும் 5 செ.மீ. இடைவெளி. சட்டத்தின் பக்கக் காடியில் (பள்ளத்தில்) கயிற்றை அடிக்கும் ஆணிகள் கீழ்ப்பகுதியில் மட்டும். உச்சியில் அடித்தால் கப்பியில் முட்டி ஜன்னல் மூடாது. கடைக்காரர் நைலான் கயிற்றை நீட்டினால் வாங்காதீர்கள், முடிச்சு வழுக்கும்.

இரண்டு எடைகளுக்கும் நடுவே தொங்கும் மெல்லிய தடுப்புப் பலகை இந்தப் பெட்டியில் காணோம். முன்பு யாரோ கழற்றிவிட்டு மறந்திருக்கிறார்கள். அதனால்தான் நடுவழியில் ‘டொக்’ சத்தம். 5 மி.மீ. ஒட்டுப்பலகையில் ஒன்று அறுத்து மேலிருந்து தொங்கவிட்டாயிற்று.

லப்பம் இன்னும் தோல் கட்டவில்லை, பெயின்ட் பாக்கி. அதற்குள் பக்கத்து ஜன்னலுக்குக் காற்றுத்தடுப்பு பிரஷ் பட்டையும் ஆர்டர் போட்டாயிற்று. அதன் கப்பிகள் பித்தளையா, பித்தளை முலாமா என்று காந்தம் வைத்துப் பார்க்க வேண்டும்.