தீபாவளி அன்று கடைசித் தேதி

2025 அக்டோபர் 20, திங்கட்கிழமை, தீபாவளி. காலை நாலரைக்குத் தலையில் எண்ணெயோடு உட்கார்ந்திருக்கும்போதே வாட்ஸ்அப்பில் பதினோரு செய்திகள் வந்து கிடந்தன. பாதி வாழ்த்து, மீதி ‘அக்கா, இன்னைக்குத்தான் கடைசி நாளா?’ ஆமாம், இன்றைக்குத்தான். பெரும்பாலான தனிநபர்கள் வருமான வரிப் படிவம் தாக்கல் செய்ய அந்த வருஷம் சார்ஸ் கொடுத்திருந்த கடைசித் தேதி தீபாவளியிலேயே வந்து விழுந்தது. தென்னாப்பிரிக்காவில் தீபாவளிக்கு விடுமுறை கிடையாது, ஆகவே யாரிடமும் கோபித்துக்கொள்ளவும் வழியில்லை. (சார்ஸ் என்றால் இங்கே வருவாய்த் துறை. பாளையங்கோட்டையில் இருக்கும் அம்மாவிடம் ஒருமுறை ‘சார்ஸோட மல்லுக்கட்டிட்டு இருக்கேன்மா’ என்று சொல்லிவிட்டு, அது காய்ச்சல் இல்லை, வரி ஆபீஸ் என்று புரியவைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.)

டர்பனில் வரிப் படிவம் நிரப்பிக் கொடுக்கும் இந்தத் தொழிலை எப்படி நடத்துகிறாய் என்று ஊரிலிருந்து கேட்கிறவர்களுக்குத் துண்டு துண்டாகப் பதில் சொல்லி அலுத்துவிட்டது, அதனால் ஒரேயடியாக எழுதிவிடுகிறேன்.

கல்யாணமாகி டர்பனில் உள்ள சாட்ஸ்வொர்த்துக்கு வந்தபோது மாமாவின் அலுவலகம் வீட்டுக் கராஜில் இருந்தது. மாமா என்றால் மாமனார், எண்பதுகளில் ஆரம்பித்தவர். கார் நிற்க வேண்டிய இடத்தில் இரண்டு மேசை, ஒரு கால்குலேட்டர், சுவர் முழுக்க ஷூ டப்பாக்கள். ஒவ்வொரு டப்பாவிலும் ஒரு குடும்பத்தின் ரசீதுகள். வாட், அதாவது மதிப்புக்கூட்டு வரி, வந்ததே அவருக்கு நேற்று நடந்த மாதிரி: 1991-ல் 10 சதவீதம், 1993-ல் 14, 2018-ல் 15 என்று விரல் மடக்கிச் சொல்வார். கணக்கில் புலி, ஆனால் சான்றிதழ் என்று கையில் ஒரு தாள் கிடையாது. காசு வாங்கிக்கொண்டு அடுத்தவர் படிவத்தை நிரப்புகிறவர்கள் அங்கீகாரம் பெற்ற தொழில் அமைப்பு ஒன்றில் உறுப்பினராகி, சார்ஸிலும் பதிந்திருக்க வேண்டும் என்பது 2013 ஜூலையிலிருந்து கட்டாயமானது. ‘இந்த வயசுல என்னைப் பரீட்சை எழுதச் சொல்றான்’ என்று மாமா கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்ததோடு சரி. என்னிடம் நெல்லையில் வாங்கிய பி.காம். இருந்தது. அதை இங்கே மதிப்பிட வைத்து, இந்த நாட்டு வரிச் சட்டத்தை அ-னாவிலிருந்து படித்து, என் சொந்த வரிக் கணக்கில் பாக்கி இல்லை, மோசடி வழக்கு இல்லை என்றெல்லாம் காட்டிப் பதிவு எண் கைக்கு வர இரண்டு வருஷம் பிடித்தது. அதுவரை மாமாவின் நண்பர் ஒருவர், பதிவு பெற்றவர், அவருடைய மேற்பார்வையில்தான் கராஜ் ஓடியது.

கணினி விஷயத்தில் எனக்கு விழுந்த முதல் அடி ஃப்ளாஷ். சார்ஸின் இணையத் தாக்கல் தளமான ஈ-ஃபைலிங்கின் படிவங்களில் சில அடோபி ஃப்ளாஷ் என்ற மென்பொருளில் எழுதப்பட்டவை, 2020 டிசம்பரோடு ஃப்ளாஷின் ஆயுள் முடிந்தது. மிச்சமிருந்த அந்தப் படிவங்களைத் திறக்க சார்ஸ் 2021 ஜனவரியில் தனியாக ஒரு பிரவுசரையே வெளியிட்டது. அது விண்டோஸில்தான் ஓடும். நானோ அதற்கு ஒரு மாதம் முன்புதான் ஆசைப்பட்டு ஆப்பிள் லேப்டாப் வாங்கியிருந்தேன். மாமாவின் பழைய கணினியைப் பரணிலிருந்து இறக்கித் தூசி தட்டினோம். அவர் ஒன்றும் சொல்லவில்லை, சிரித்தார், அது இன்னும் மோசம்.

ஆனால் தொழிலையே புரட்டிப் போட்டது தானியங்கி மதிப்பீடுதான். 2020-லிருந்து முதலாளி, வங்கி, மருத்துவக் காப்பீடு, ஓய்வூதிய நிதி என்று பல இடங்களிலிருந்து வரும் தகவலை வைத்து சார்ஸே படிவத்தை நிரப்பிக் கணக்குப் போட்டுக் குறுஞ்செய்தி அனுப்பிவிடுகிறது. சரி என்றால் நாம் ஒன்றும் செய்ய வேண்டாம், இல்லை என்றால் கெடுவுக்குள் நாமே படிவம் தாக்கல் செய்ய வேண்டும். நல்ல ஏற்பாடுதான், நான் குறை சொல்லவில்லை. ஒரே சம்பளம், ஒரே வங்கி என்று இருக்கிறவருக்கு நான் எதற்கு? 2024 ஜூலையில் அப்படிப் பதினைந்து இருபது பேர் கழன்றுகொண்டார்கள், நியாயம்தான்.

பிரச்சினை அந்தப் பட்டியலில் இல்லாததில் இருக்கிறது. ஆடி மாதம், கோவிலில் கூழ் ஊற்றிக்கொண்டிருந்தார்கள், ஓய்வு பெற்ற வாத்தியார் ஒருவர் வரிசையிலேயே என்னைப் பிடித்தார். எழுபத்தொரு வயது, நல்ல மனிதர், மாமாவின் காலத்து வாடிக்கை. ‘இந்த வருஷம் உனக்கு 850 ராண்ட் கிடையாதும்மா, மெஷினே போட்டுடுச்சு’ என்றார், என் கட்டணத்தைத்தான். (ராண்ட் இந்த நாட்டு நாணயம்.) சந்தோஷம் தாத்தா என்றேன். அப்புறம் அவர் காதைப் பார்த்தேன், புதுக் காது மெஷின். எவ்வளவு தாத்தா? 36,000. காப்பீடு கொடுத்ததா? ஒரு பைசா இல்லை.

அங்கேயே, கூழ்ச் சொம்பைக் கையில் வைத்துக்கொண்டே கணக்குப் போட்டேன். 65 வயதைத் தாண்டியவர் கைக்காசில் செய்த தகுதியுள்ள மருத்துவச் செலவில் 33.3 சதவீதம் வரியில் கழிவாகக் கிடைக்கும், அதாவது கிட்டத்தட்ட 12,000 ராண்ட். கடையில் அவர் கொடுத்த காசு சார்ஸுக்கு எப்படித் தெரியும்? ரசீது இருந்தால் வாங்கித் தருகிறேன் என்றேன். முகம் மலர்ந்தது. அடுத்த கேள்வியில் வாடியது. வீட்டுக்குப் பின்னால் அவுட்பில்டிங்கில் ஒரு பையன் குடியிருக்கிறானே, வாடகை? மாதம் 3,500. அதுவும் மெஷினுக்குத் தெரியாது. படிவத்தைத் திறந்தால் இரண்டையும்தான் எழுத வேண்டும், ஒன்றை எழுதி ஒன்றை மறைக்கிற வேலைக்கு நான் ஆள் இல்லை என்று சொல்லிவிட்டேன். மூன்று நாள் என்னோடு பேசவில்லை. நாலாம் நாள் ஷூ டப்பாவோடு வந்தார். வருஷ வாடகை 42,000, அதில் பழுதுபார்ப்பும் நகராட்சி வரியில் அந்தப் பங்கும் போக 30,000, அவருடைய 26 சதவீத அடுக்கில் வரி 7,800. காது மெஷின் கழிவில் அது போனாலும் 4,200 ராண்டுக்குக் கொஞ்சம் குறைவாகக் கூடுதலாகக் கையில் வந்தது. 850-ஐ எண்ணி வைத்துவிட்டுப் போனார்.

அன்றைக்குப் புரிந்தது, நிரப்புகிற வேலை என் கையை விட்டுப் போய்விட்டது, இனி என் வேலை கேள்வி கேட்பது. அதற்கு எப்படிக் கட்டணம் போடுவது என்று இன்றுவரை எனக்குச் சரியாகப் பிடிபடவில்லை.

அதே 2024 செப்டம்பர் 1-ல் ஓய்வூதிய நிதிகளுக்கு இரண்டு பானைத் திட்டம் வந்தது. ஓய்வூதியச் சந்தாவில் மூன்றில் ஒரு பங்கு சேமிப்புப் பானைக்கு, மீதி ஓய்வுகாலப் பானைக்கு. தொடக்கத்தில் பழைய இருப்பிலிருந்து பத்து சதவீதம், அதிகபட்சம் 30,000 ராண்ட், சேமிப்புப் பானைக்கு மாறும். அதை வேலையில் இருக்கும்போதே எடுக்கலாம். ஊரே கிளம்பிவிட்டது. வரி எண்ணே இல்லாதவர்கள், பத்து வருஷமாகப் படிவமே போடாதவர்கள், எல்லோரும் கராஜ் வாசலில். முப்பதாயிரம் கேட்டால் முப்பதாயிரம் வரும் என்று நினைத்தார்கள். மாதம் 25,000 சம்பளக்காரருக்கு அந்தத் தொகை மேல் 26 சதவீதம், 7,800 அங்கேயே போய்விடும். பழைய வரிப் பாக்கி இருந்தால் அதையும் பிடித்துக்கொண்டுதான் மீதி வரும். ஒரு அண்ணனுக்கு 9,000 பாக்கி, நிர்வாகக் கட்டணத்துக்கு முன்பே 13,200-ல் வந்து நின்றது. ‘என் பானையில ஓட்டை போட்டது யாரு?’ என்று கேட்டார், நான்தான் ஓட்டை போட்ட மாதிரி. புரட்டாசி வேறு, யாரும் கறி சாப்பிடவில்லை, எல்லோருக்கும் கோபம் சீக்கிரம் வந்தது.

2025 ஏப்ரல் கூத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன், நினைத்தாலே தலைவலி. மே 1 முதல் வாட் 15.5 என்று பட்ஜெட்டில் அறிவிப்பு. எங்கள் வாடிக்கையான ஒரு மசாலாக் கடைக்காக உட்கார்ந்து, வரி சேர்ந்த விலையில் வரியைப் பிரிக்க 15/115 போய் இனி 15.5/115.5, அதாவது 31/231 என்று தாளில் பெரிதாக எழுதி ஒட்டி, கல்லா மென்பொருளை மாற்றி, விலைச் சீட்டெல்லாம் அச்சடித்தாயிற்று. ஏப்ரல் 24-ல் உயர்வைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். எல்லாம் பழையபடி 15. அந்தத் தாளை மாமா கிழிக்க விடவில்லை, ‘இருக்கட்டும், எப்பவாவது வரும்’ என்று டிராயரில் வைத்திருக்கிறார்.

அப்புறம் ஏஐ. நானும் பயன்படுத்துகிறேன், கடிதத்துக்கு வரைவு போட, நூறு பக்கச் சுற்றறிக்கையில் தேட. ஆனால் ஒரு வாடிக்கையாளரின், வெளிநாட்டில் வேலை பார்க்கும் மகனின் சம்பளத்தைப் பற்றிக் கேட்டபோது, முழுவதும் வரிவிலக்கு என்று அடித்துச் சொல்லி, துணைக்கு ஒரு தீர்ப்பையும் காட்டியது. 2020 மார்ச்சிலிருந்து அந்த விலக்கு 12.5 லட்சம் ராண்ட் வரைதான், அதுவும் நாட்டுக்கு வெளியே இருந்த நாள் கணக்கு சரியாக இருந்தால். தீர்ப்பைத் தேடினேன் தேடினேன், அப்படி ஒன்று உலகத்திலேயே இல்லை. பக்கத்தில் பீட்டர்மாரிட்ஸ்பர்க் உயர் நீதிமன்றத்தில் 2025 ஜனவரியில் இதே மாதிரி இல்லாத தீர்ப்புகளை மனுவில் காட்டியதற்காக வழக்கறிஞர்களை நீதிபதி கடுமையாகக் கண்டித்திருந்தார். படித்தபோது அடுத்தவர் கதை, என் மேசைக்கே வந்தபோது வியர்த்தது. இப்போது ஏஐ சொல்கிற ஒவ்வொரு பிரிவையும் சட்டப் புத்தகத்தில் விரல் வைத்துப் பார்க்காமல் கையெழுத்துப் போடுவதில்லை.

சரி, தீபாவளிக்கு வருகிறேன். குளித்து, சாமி கும்பிட்டு, புதுப் புடவையோடு கராஜில் போய் உட்கார்ந்தேன். மாமா முறுக்குத் தட்டை மேசையில் வைத்துவிட்டு, பாக்கி பதினான்கு பேரின் பெயரைப் பென்சிலால் எழுதி ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வந்தார். சாயங்காலம் ஏழு மணிக்கு ஒன்றே ஒன்று மிச்சம், வாத்தியார் தாத்தாவுடையது, வாடகை வீட்டுக்குக் கூரை போட்ட ரசீதைத் தேடி எடுக்க அவருக்கு அவ்வளவு நேரம். கொடுத்துவிட்டுப் போகாமல் வாசலிலேயே நின்றார். பதிவேற்றி, இன்னொரு தரம் சரிபார்த்து அனுப்பியபோது எட்டே கால், தெரு முழுக்க வெடி. ‘முடிஞ்சுது தாத்தா’ என்றேன். அவர் பேசாமல் தெருவையே பார்த்துக்கொண்டிருந்தார். காது மெஷினைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டிருந்தார், வெடிச் சத்தம் தாங்கவில்லையாம்.