ரோசாப்பூ பிடிக்கிற கை

“கொழுந்த இப்புடியா புள்ள புடிப்பாங்க? இது ரோசாப்பூ புடிக்கிற கை.”

பக்கத்துத் தேயிலைத் தோட்டத்து அம்மா ஒருவர், ஒரு சிலைக்காக நாங்கள் செய்திருந்த களிமண் மாதிரியைச் சுற்றிவந்து பார்த்துவிட்டு இப்படிச் சொன்னார். அந்தக் கைக்காக நான் மூன்று வாரம் செலவழித்திருந்தேன். ஒரு கையை உயர்த்தி, இரண்டு விரல் நுனியில் இரண்டு இலையும் ஒரு மொட்டும் ஏந்தி நிற்கும் பெண். அவர் சொன்ன பிறகுதான் அது எங்கே பார்த்த கை என்று உறைத்தது. தேயிலைப் பெட்டிகளின் மேல் அச்சடித்திருக்கிற கை. என் அம்மா முப்பத்திரண்டு வருஷம் கொழுந்து எடுத்தவர். அவர் கையால் சோறு தின்று வளர்ந்தவள் நான். இருந்தும் களிமண்ணைத் தொட்டபோது என் விரலுக்கு வந்தது அம்மாவின் கை அல்ல.

பட்டறைக்குப் பின்னால் கவ்வாத்துப் பண்ணாமல், அதாவது கிளை வெட்டிவிடாமல், மரம்போல் வளர்ந்துவிட்ட நாலைந்து தேயிலைச் செடிகள் உண்டு. அந்த அம்மா என்னை அங்கே கூட்டிப்போனார். உள்ளங்கை கீழே பார்க்க, மணிக்கட்டு வளைந்து, கை செடிக்குள் இறங்கியது. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் தண்டை மடக்கி ஒடித்தன. ஒடித்த கொழுந்து உள்ளங்கைக்குள் போனது. மற்ற மூன்று விரல்களும் அதை இறுக்கிப் பிடித்திருக்க, முதல் இரண்டு விரலும் அதற்குள் அடுத்த தண்டுக்குப் போய்விட்டன. இரண்டு கையும் ஒரே நேரத்தில் வேலை செய்தன. கண் கையைப் பார்க்கவில்லை, அடுத்த கிளையைப் பார்த்தது. கை நிறைந்து விரலிடுக்கில் இலை பிதுங்கிய பிறகுதான் தோளுக்கு மேலாகப் பின்னால் வீசினார். முதுகில் கூடை இல்லை. கொழுந்து ஈரத் தரையில் விழுந்தது. “கை நெறஞ்ச பெறகுதான் வீசுவோம். ஒண்ணு ஒண்ணா போட்டா கிலோ எப்ப சேருறது?” என்றார்.

அன்று மாலையே அந்தக் கையை வெட்டி எடுத்தேன். எங்கள் வேலை எனக்குப் புரியத் தொடங்கியது அன்றைக்குத்தான் என்று நினைக்கிறேன்.

பட்டறை இலங்கையின் மலைநாட்டில், கொட்டகலைக்குப் பக்கத்தில் இருக்கிறது, கடல்மட்டத்திலிருந்து 1,200 மீற்றருக்கு மேலே. முன்பு மரக்கறி ஸ்டோராக இருந்த தகரக் கொட்டகை. 2019இல் நால்வர் சேர்ந்து வாடகைக்கு எடுத்தோம். நான் மட்டக்களப்பில் சுவாமி விபுலானந்த அழகியல் கற்கைகள் நிறுவகத்தில் படித்தவள். என்னோடு படித்த தோழி மேடை அமைப்புக்குப் பொறுப்பு. அண்ணன் ஒருவர் கோயில் கோபுரங்களில் சுதை வேலை செய்து வந்தவர். தம்பி ஹட்டனில் வேன், முச்சக்கரவண்டிகளுக்கு டிங்கரிங் வேலையும் பைபர்கிளாஸ் வேலையும் செய்துகொண்டிருந்தவன். பொதுவெளிச் சிலை, நாடக மேடை, பாடசாலை விழா அலங்காரம், கோயில் வாகனத்துக்கு வண்ணம் என்று எது வந்தாலும் நால்வரும் சேர்ந்தே எடுப்போம்.

கணக்கு எழுத ஒரு கொப்பி வைத்திருக்கிறோம். தோட்டத்தில் ஒரு நாள் வேலை ஒரு ‘பேர்’. கொழுந்து குறைந்தால் அரைப் பேர்தான் விழும். சின்ன வயதில் அம்மா மலையிலிருந்து இறங்கி வரும்போது அவர் முகத்தைப் பார்த்தே இன்றைக்கு முழுப் பேரா அரைப் பேரா என்று எனக்குத் தெரியும். எங்கள் கொப்பியிலும் பேர் என்றுதான் எழுதுகிறோம். ஆனால் அதில் அரைப் பேர் கிடையாது. காய்ச்சலோடு வந்து பதினொரு மணிக்குத் திரும்பிப் போனாலும் முழுப் பேர். தொடக்கத்தில் அண்ணன் இதற்கு உடன்படவில்லை, தொழில் படுத்துவிடும் என்றார். இன்றுவரை படுக்கவில்லை. 2022இல் மட்டும் ஏறக்குறைய படுத்தது. முந்தைய வருஷம் ஆயிரம் ரூபாயளவில் வாங்கிய சீமெந்து மூட்டை 3,000 ரூபாயைத் தாண்டிய காலம் அது. லொறிக்கு டீசல் இல்லை, கரண்ட் இல்லை. யாருக்கும் சிலை தேவைப்படவும் இல்லை. அண்ணன் கோபுர வேலைக்குத் திரும்பிப் போனார். தம்பி டிங்கரிங்குக்குப் போனான். வாடகை மட்டும் எப்படியோ கட்டினோம்.

மலைநாட்டில் சிலை செய்கிறவருக்கு முதல் எதிரி குளிர். பைபர்கிளாஸ் ரெசினுக்கு ஹார்ட்னரை நூற்றுக்கு ஒன்று இரண்டு பங்கு கலந்தால் அது சூடேறி இறுகவேண்டும். கொழும்பில் அரை மணியில் கல்லாகிற கலவை, எங்கள் ஊர் தை மாதத்து விடியற்காலையில் நாள் முழுக்கப் பாகுபோலக் கிடக்கும். ஒருமுறை நுவரெலியாவின் ஏப்ரல் வசந்தகால அலங்காரத்துக்கு ஏழடி உயர மயில் ஒன்று கேட்டிருந்தார்கள். இரவில் ரெசின் பூசிவிட்டுப் போனோம். காலையில் தொட்டால் விரலோடு நூல் இழுக்கிறது. மறுநாளும் அப்படியே. அவசரத்தில் நான் ஹார்ட்னரைக் கூட்டிவிட்டேன். வாலின் அடிப்பகுதி கொதித்துப்போய்க் குறுக்கே வெடித்தது. அச்சும் போனது, பதினாறாயிரம் ரூபாய் ரெசினும் போனது.

வழி சொன்னவன் தம்பிதான். பொலித்தீனால் கூடாரம் கட்டி, உள்ளே நாலு பழைய குண்டு பல்பைத் தொங்கவிட்டான். காலை பத்து மணிக்கு முன்னால் ரெசினைத் தொடுவதில்லை என்று விதி போட்டான். கடைசிப் பூச்சில் மெழுகுக் கரைசல் சேர்க்கச் சொன்னான். காற்றுப் படுகிற மேற்பரப்பு இறுகாமல் பிசுபிசுக்கும், மெழுகு மேலே மிதந்து வந்து காற்றை மறைத்துவிடும். பல்கலைக்கழகத்தில் நாலு வருஷம் படித்தும் இது எனக்குத் தெரியாது. ஆனால் சூட்டுக்காகக் கூடாரத்தை மூடினால் ரெசின் ஆவி உள்ளேயே தேங்கும், தலை சுற்றும். திறந்தால் குளிர் நுழையும். அதனால் பூசும்போது திறந்து வைத்து, முகமூடி போட்டு, பூசி முடித்து ஆள் வெளியே வந்த பிறகுதான் மூடுவோம். கரி அடுப்பு வைத்தால் சீக்கிரம் காயும் என்று வருகிறவர் எல்லாரும் யோசனை சொல்வார்கள். ரெசின் தீப்பிடிக்கும் சாமான். பட்டறைக்குள் நெருப்புக்கு இடமில்லை.

அதே ஈரம் சீமெந்துக்கு ஊட்டம். கம்பிக் கூடு கட்டி, அதன்மேல் கோழிக்கூட்டு வலை சுற்றி, ஒரு பங்கு சீமெந்துக்கு இரண்டு பங்கு மணல் சேர்த்து ஓர் அங்குலத் தடிப்பில் பூசும் முறைக்கு வெயில் ஆகாது. சட்டென்று காய்ந்தால் மயிரிழை வெடிப்பு விழும். சமவெளியில் நாள் முழுக்க ஈரச்சாக்குப் போட்டுத் தண்ணீர் ஊற்றுகிறார்கள். எங்களுக்குப் பாதி வேலையைப் பனிமூட்டம் செய்துவிடுகிறது. அதனால் வெளியில் நிரந்தரமாக நிற்கவேண்டியது எதுவானாலும் நான் சீமெந்தைத்தான் சொல்வேன். பைபர் இலேசு, லொறிக்கும் சுகம், செலவழிக்கிறவர்களுக்கும் பிடிக்கும். ஆனால் அதைத் தட்டினால் வெற்றுப் பெட்டிச் சத்தம் வரும். மலைமேல் நிற்கிற ஒரு மனுஷியைத் தட்டினால் அந்தச் சத்தம் வரக்கூடாது என்பது என் பிடிவாதம்.

மேடை வேலை வேறு உலகம். ஒரு நாடகத்துக்கு லயக் காம்பரா ஒன்று, அதாவது வரிசையாகக் கட்டிய தோட்டத் தொழிலாளர் குடியிருப்பின் ஓர் அறை, வேண்டும் என்றார்கள். நடிகர் ஆறு பேர் நடமாட இடம் வேண்டும், இருபதடி அகலமாவது இருக்கட்டும் என்பது நெறியாளரின் கணக்கு. தோழி ஒத்துக்கொள்ளவில்லை. கம்பளைக்கு அருகே பழைய பீகொக் தோட்டத்தில் தேயிலைத் தொழிலாளர் அருங்காட்சியகம் ஒன்று 2007 முதல் இருக்கிறது. பழைய லயக் காம்பராக்களையே அருங்காட்சியகமாக்கியிருக்கிறார்கள். அங்கே போய் அளந்து வந்தாள். எல்லாரும் வாயால் சொல்லும் அதே பத்துக்குப் பன்னிரண்டு அடிதான் அவளுக்கு வேண்டும். பட்டறைத் தரையில் சோக்கட்டியால் அந்த அளவுக்குக் கட்டம் போட்டு, நெறியாளரையும் நடிகர்களையும் உள்ளே படுக்கச் சொன்னாள். அடுப்புக்கு ஒரு மூலை, தண்ணீர் வாளிக்கு ஒரு மூலை. ஆறாவது ஆளுக்குக் கால் நீட்ட இடம் இல்லை. அவர் எழுந்து போய் இஸ்தோப்புக்கு, வாசல் திண்ணைக்கு என்று கீறியிருந்த இடத்தில் படுத்தார். நெறியாளர் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “அப்படியே கட்டுங்க” என்றார்.

முப்பதடி மேடையின் நடுவில் அந்தச் சின்னக் காம்பரா மட்டும் நின்றது. சுற்றிலும் இருட்டு. கூரைக்கு உண்மைத் தகரம் போட்டுப் பார்த்தோம். வெளிச்சம் பட்டுக் கண்ணைக் கூசியது, ஆள் அசைந்தாலே இரைந்தது. கழற்றிவிட்டு, பெட்டிகளில் அடைத்து வரும் இலேசான வெள்ளை ரிஜிபோமைச் சூட்டுக் கம்பியால் தகரம்போல அலை அலையாக அறுத்து, காவிநிறம் ஏற்றித் துருப்பிடிக்கவைத்தோம். திரைச்சேலையையும் படங்குச் சாக்கையும் தேயிலைத் தூள் கொதிக்கவைத்த தண்ணீரில் ஊறப்போட்டோம். எந்தப் பெயின்டும் தராத பழசை அந்தச் சாயம் தந்தது. இரண்டே இரவு மேடையேறிய நாடகம். மூன்றாம் நாள் அந்தக் கூரை உடைந்து ஒரு மூலையில் கிடந்தது. அதில் எனக்கு வருத்தம் இல்லை.

வருத்தம் இல்லாததற்குக் காரணம், மன்மதன் எரிந்த கதையைத் தோட்டங்களில் ஆடும் காமன் கூத்து. மாசி மாதம் மூன்றாம் பிறையில் காமன் கம்பம் ஊன்றுவார்கள். அன்றிலிருந்து லயமே அரங்கு. தப்பு மேளச் சத்தம் கேட்டால் எந்த வீட்டில் யார் ரதி, யார் மன்மதன் என்று பிள்ளைகள் ஓடுவோம். பௌர்ணமி இரவில் ஈசன் நெற்றிக்கண் திறப்பார், காமன் எரிவான். அத்தனை நாள் பூப்போட்டுக் கும்பிட்டதைத் தாங்களே எரித்துவிட்டு விடியற்காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டுக்களத்துக்குப் போகிறவர்கள் எங்கள் ஆட்கள். பொதுவெளிக் கலை என்ற சொல்லை நான் பல்கலைக்கழகத்தில்தான் கேட்டேன். அதன் பொருளை ஏழு வயதில், அப்பாவின் தோளில் உட்கார்ந்து பார்த்துவிட்டேன்.

இனி சிலைக்கு வருகிறேன். 2023, மலையகத் தமிழர் இந்த நாட்டுக்கு வந்து 200 வருஷம். கோப்பித் தோட்டக் காலத்தில் வந்தவர்கள் நடந்த வடபாதையில், ஜூலை 28ஆம் திகதி தலைமன்னாரில் தொடங்கி ஓகஸ்ட் 12ஆம் திகதி மாத்தளை வரை நடைபயணம் நடந்த வருஷம். அந்தச் சூட்டில் பல ஊர்களில் நினைவுச் சின்னம் பற்றிப் பேச்சு எழுந்தது. எங்களிடமும் ஒரு சிலை கேட்டு வந்தார்கள். பிரதான வீதி வளைவில், மேட்டின் மேல், எட்டடி உயரத்தில் கொழுந்து எடுக்கும் பெண்.

கையை மாற்றியதும் சிலை முழுவதையும் மாற்றவேண்டி வந்தது. கை கீழே இறங்கினால் தோள் இறங்கும், முதுகு வளையும். கூடைக் கயிறு நெற்றிக்கு மேலே தலையில் ஏறி, பாரம் கழுத்தை முன்னால் இழுக்கும். பதினெட்டு இருபது கிலோ கொழுந்தைத் தலையால் இழுக்கிற கழுத்து நிமிர்ந்து சிரிக்காது. அண்ணன் கோபுரத்தில் கற்றதை இங்கே கொண்டுவந்தார். மேலே நிற்கிற உருவத்தைக் கீழேயிருந்து பார்க்கும்போது தலையும் கையும் சிறுத்துப்போகும். ஆகவே இரண்டையும் இயல்பைவிடக் கொஞ்சம் பெருக்கி, உடம்பை முன்னால் சாய்க்கவேண்டும். பஸ் யன்னலில் உட்கார்ந்திருப்பவர் அந்த வளைவைக் கடப்பதற்கு ஏழெட்டு விநாடிதான் ஆகும், அதற்குள் அவர் கண்ணுக்கு கை தெரியவேண்டும் என்றார். பட்டறைக் கூரையில் ஏணி சாத்தி உருவத்தை மேலே ஏற்றிக் கட்டிவிட்டு, நால்வரும் வீதியில் நடந்து நடந்து பார்த்தோம்.

பார்க்க வந்தவர்களுக்குப் பிடிக்கவில்லை. ஏன் குனிந்து நிற்கிறாள், ஏன் சிரிப்பு இல்லை, இது வெட்கக்கேடாக இருக்கிறதே என்றார்கள். மூன்று கூட்டம் நடந்தது. கடைசிக் கூட்டத்துக்கு அந்த அம்மாவையும் அவரோடு மலையில் நிற்கும் ஐந்து பேரையும் கூட்டிப்போனேன். கதிரையில் உட்காரச் சொல்லியும் முதலில் அவர்கள் உட்காரவில்லை. பேச்சு முடிகிற நேரத்தில் அந்த அம்மா எழுந்து, “நாங்க குனியிறது வெக்கம் இல்லீங்க. நாங்க குனிஞ்சுதான் எங்க புள்ளைங்க நிமிந்துச்சு” என்றார். கையும் முதுகும் தப்பின.

தலைத்துணி தப்பவில்லை. கயிறு தலையை அறுக்காமல் இருக்க மடித்த துவாயோ பழைய சீலைத் துண்டோ வைத்து அதன்மேல்தான் கயிறு போடுவார்கள். அது அழுக்குப்போலத் தெரிகிறது, எடுத்துவிட்டுப் பூ வையுங்கள் என்று கட்டாயமாகச் சொல்லிவிட்டார்கள். கடைசித் தவணைப் பணம் அவர்கள் கையில் இருந்தது. வாடகை மூன்று மாதம் பாக்கி. துணியைச் செதுக்கி எடுத்தேன், பூ மட்டும் வைக்கமாட்டேன் என்று நின்றேன். வெறும் தலையில் சீமெந்துக் கயிறு. திறப்பு விழாக் கல்லில் திறந்தவர்கள் பெயர் எல்லாம் இருந்தது, செய்தவர்கள் பெயர் இல்லை. அந்தப் பணம் எட்டு மாதம் கழித்து வந்தது. இதில் எனக்கு ஆறாதது பெயர் அல்ல. அந்தத் துணி.

ஒவ்வொரு வருஷமும் தென்மேற்குப் பருவமழை ஓய்ந்ததும் நாங்களே போய்ப் பாசி சுரண்டுகிறோம். அதற்கு யாரும் காசு தருவதில்லை, கொப்பியில் மட்டும் பேர் எழுதிக்கொள்கிறோம். போன முறை தம்பி ஏணியில் ஏறி மேலேயிருந்து கூப்பிட்டான்.

“அக்கா, இங்க வந்து பாருங்க.”

ஏறிப் பார்த்தேன். சிலையின் தலையில், கயிற்றை ஒட்டி, நாலாக மடித்த நீலத் துவாய் ஒன்றைச் சணல் நூலால் இறுக்கிக் கட்டியிருந்தார்கள். மழையில் நனைந்து வெளிறி, ஓரம் பிய்ந்திருந்தது. அதற்கு அடியில் அதற்கும் முந்திய இன்னொரு துணியின் நூல்கள் ஒட்டியிருந்தன.

“எடுக்கவா?” என்றான்.

வேண்டாம் என்றேன். அதைச் சுற்றிப் பாசியை மட்டும் சுரண்டிவிட்டு இறங்கினோம்.