அனாடமி பிராக்டிகல்: போன் (எலும்பு) செட் வாங்கும்போதே எழுதி வாங்குங்கள்

பி.பி.டி. (பிசியோதெரபி பட்டப்படிப்பு) முதலாண்டு ரிசல்ட் வந்துவிட்டது. அனாடமி, பிசியாலஜி இரண்டும் பாஸ். தியரிக்கு எல்லோரும் படிக்கிற மாதிரிதான் படித்தேன். புத்தகம் சென்ட்ரல் பக்கத்து மூர் மார்க்கெட்டில் வாங்கிய பழைய பதிப்பு. எலும்புகள் பதிப்புக்குப் பதிப்பு மாறுவதில்லை, தாராளமாக வாங்கலாம். பிராக்டிகலுக்கு முன் நடந்ததுதான் இன்னும் ஆறவில்லை.

எங்கள் கல்லூரியில் இரண்டு பேருக்கு ஒரு போன் செட், அதாவது படிப்பதற்கான எலும்புகள் அடங்கிய பெட்டி. வருடக் கடைசியில் அதைத் திருப்பிக் கொடுத்து நோ டியூஸ் (பாக்கி இல்லை என்ற கையெழுத்து) வாங்கினால்தான் ஹால் டிக்கெட். நானும் என் தோழியும் பெட்டியைக் கொண்டுபோய் வைத்தோம். கிளார்க் லிஸ்டைப் பார்த்து ஒவ்வொன்றாக எடுத்து வைத்தவர், "ஹையாய்டு எங்கம்மா?" என்றார்.

பெட்டி எங்கள் கைக்கு வந்தபோதே அது இல்லை. அன்றைக்கே அட்டெண்டர் அண்ணனிடம் சொன்னோம். "பரவால்லம்மா, எழுதிக்கலாம்" என்றார். யாரும் எழுதவில்லை.

"அதெல்லாம் எனக்குத் தெரியாது. ரிஜிஸ்டர்ல முழு செட்னு இருக்கு. ஃபைன் கட்டிட்டு வா."

ஹையாய்டு, தாடைக்குக் கீழே, கழுத்தின் மூன்றாவது முள்ளெலும்பு மட்டத்தில் இருக்கும் சின்ன எலும்பு. வேறு எந்த எலும்போடும் மூட்டாகச் சேராது. தசைகளும் தசைநார்களும்தான் அதைத் தாங்குகின்றன. கை, கால் விரல் எலும்புகளைக் கம்பியில் கோத்து வைக்கிறார்கள். இதைக் கோக்க இடமே கிடையாது, தனியாகக் கிடக்கும். முதலில் தொலைவதும் அதுதான். இத்தனை வருடம் போன் செட் கொடுக்கிறவர்களுக்கு இது தெரியாதா?

துறைத் தலைவரான எச்.ஓ.டி.யைப் பார்க்கப் போனால் இன்ஸ்பெக்ஷன் வேலையில் இருக்கிறார் என்று திருப்பி அனுப்பினார்கள். தாம்பரத்திலிருந்து அதற்காகவே ரயில் ஏறி வந்த நாள் அது. ஹால் டிக்கெட்டுக்குக் கடைசித் தேதி நெருங்குகிறது, கையில் பணமும் இல்லை.

காப்பாற்றியது சீனியர் அக்காதான். எங்கள் பெட்டி எண்ணைக் கேட்டதும், "அது போன வருஷம் எங்க பெட்டிடீ. ஹையாய்டுக்கு நாங்களே ஃபைன் கட்டிட்டோம்" என்றார். ரசீதையும் பத்திரமாக வைத்திருந்தார்! அதைக் காட்டியதும் எச்.ஓ.டி. மேடம் மறுபேச்சு இல்லாமல் கையெழுத்துப் போட்டார். கிளார்க் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. ஒரே எலும்புக்கு வருடா வருடம் பிள்ளைகளிடம் பணம் கேட்பது அநியாயம், இதை எங்கே வேண்டுமானாலும் சொல்வேன். பெட்டி வாங்கும் அன்றே குறைவதை ரிஜிஸ்டரில் எழுதச் சொல்லி, பக்கத்தைச் செல்போனில் படம் எடுத்து வையுங்கள். வாய்ச்சொல் நிற்காது.

எங்கள் செட்டில் ஃபிபுலா, அதாவது முழங்காலுக்குக் கீழே வெளிப்பக்கம் இருக்கும் மெல்லிய எலும்பு, பிளாஸ்டிக். இடதா வலதா என்று சொல்ல, கீழ் முனையில் மூட்டுப் பரப்பு உள்பக்கமும் அதற்குப் பின்னால் மல்லியோலார் ஃபாஸா என்ற குழியும் தெரிய வேண்டும். பிளாஸ்டிக்கில் அந்தக் குழி வழுவழுவென்று மழுங்கிக் கிடந்தது. ஸ்பாட்டரில் (மேசை மேசையாக வைத்திருப்பதைப் பார்த்து அடையாளம் சொல்லும் தேர்வு) வைத்தது அசல் எலும்பு. டிபார்ட்மெண்டில் எலும்புகள் வைத்திருக்கும் போன் ரூம் திறந்திருக்கும் நேரத்தில் போய் அசல் ஃபிபுலாவைக் கையில் எடுத்துத் தடவிப் பார்த்திருந்ததால் தப்பித்தேன். மணி அடித்தால் அடுத்த மேசைக்கு நகர வேண்டும், யோசிக்க நேரம் கிடைக்காது.

வைவாவில் (வாய்மொழித் தேர்வு) கிளாவிக்கிள், அதாவது காறை எலும்பு கொடுத்தார்கள். எலும்பை என் தோளோரம் வைத்துக் காட்டினேன்: தடித்த முனை மார்புப் பக்கம், தட்டையான முனை தோள் பக்கம், உள்பாதி வளைவு முன்னோக்கி, நீளப் பள்ளம் கீழே. "எங்கே உடையும்?" உள்பக்க மூன்றில் இரண்டு பங்கும் வெளிப்பக்க மூன்றில் ஒரு பங்கும் சேரும் இடத்தில், இரண்டு வளைவும் அங்கேதான் சந்திக்கின்றன. அடுத்து மேற்கை எலும்பான ஹியூமரஸ். நடுத்தண்டு முறிந்தால் ரேடியல் நரம்பு அடிபட்டு மணிக்கட்டு தொங்கிவிடும் என்றதும் வெளியிலிருந்து தேர்வு நடத்த வந்த எக்ஸ்டர்னல் மேடம் தலையசைத்தார். அந்தத் தலையசைப்புக்காக மொத்த வருடமும் படிக்கலாம். எலும்பைப் பட்டியலாக மனப்பாடம் செய்யாதீர்கள், உங்கள் உடம்பில் தொட்டுத் தொட்டுப் படியுங்கள்.

பிசியாலஜியில் பி.பி. (ரத்த அழுத்தம்) பார்க்கச் சொன்னார்கள். நேராக ஸ்டெதஸ்கோப்பை வைத்தால் மார்க் போகும். முதலில் மணிக்கட்டில் ரேடியல் நாடியைத் தொட்டுக்கொண்டே காற்றடித்து, நாடி மறையும் அளவைக் குறிக்க வேண்டும். பிறகு அதற்கு மேல் 30 மி.மீ. ஏற்றி இறக்கிக்கொண்டே கேட்க வேண்டும். ரத்த அழுத்தம் அதிகமுள்ள சிலருக்கு நடுவில் சத்தம் நின்று மறுபடி வரும். நாடி பார்க்காமல் விட்டால் சிஸ்டாலிக்கை (மேல் அளவு) குறைத்து எழுதிவிடுவோம்.

என் தோழிக்கு வந்த கருவியில் வால்வு கசிந்தது, பாதரசம் நிற்காமல் இறங்கியது. தொடங்கும் முன்பே காற்றடித்துப் பார்த்து, "மேடம், இது லீக் ஆகுது" என்று சொல்லி வேறு வாங்கிக்கொண்டாள். நேரம்தான் போனது, மார்க் போகவில்லை.