மஞ்சள் காமாலை என்பது நிறம்

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், தமிழக எல்லையோரக் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் வளர்ந்த நமக்கு ஒவ்வொரு நோய்க்கும் இரண்டு பெயர் தெரியும். வீட்டில் ஒன்று, வெளியில் ஒன்று. அம்மா பொன்னுக்கு வீங்கி என்பார், பக்கத்து வீட்டுச் சேச்சி முண்டிநீர் என்பார். நம் தட்டம்மை அவர்களுக்கு அஞ்சாம்பனி. நம் கக்குவான் இருமல் அவர்களுக்கு வில்லன்சும. 1996-ல் நாங்கள் ஒன்பதாம் வகுப்பில் இருந்தபோது, நுண்ணுயிர்ப் பாடத்தை உயிரியல் டீச்சர் இந்த இரட்டைப் பெயர்களில் இருந்துதான் தொடங்கினார். அந்த வருடம் ஓணப் பரீட்சை முடிந்தும் தமிழ்வழிப் பாடநூல் எங்கள் கைக்கு வரவில்லை. எல்லைப்புறப் பிள்ளைகளுக்கு அது பழகிப்போன விஷயம்தான், ஆனாலும் இன்றைக்கு நினைத்தாலும் மனம் கொதிக்கிறது. கரும்பலகைதான் எங்களுக்குப் புத்தகம்.

டீச்சர் பலகையை மூன்றாகப் பிரித்துக் கோடு போட்டார். முதல் கட்டத்தில் தமிழ்ப் பெயர், அடுத்ததில் மலையாளப் பெயர். மூன்றாவதைக் காலியாக விட்டுவிட்டு, "அங்கே யார் செஞ்சதுன்னு எழுதணும்" என்றார்.

பெயர்களை நாங்கள் கத்திக்கத்திச் சொன்னோம். படர்தாமரை என்று ஒருத்தி சொல்ல, புழுக்கடி என்று இன்னொருவன் சொன்னான். நாம் அதைத் தாமரை என்கிறோம், அவர்கள் புழு என்கிறார்கள். டீச்சர் மூன்றாவது கட்டத்தில் "பூஞ்சை" என்று எழுதினார். தாமரையும் இல்லை, புழுவும் இல்லை. பெரியம்மை, சின்னம்மை என்றால் அக்காள் தங்கை மாதிரி இருக்கிறது. ஆனால் பெரியம்மை வைரஸ் ஒரு குடும்பம், சின்னம்மை வைரஸ் வேறு குடும்பம். வாய்ப்புண்ணாக வரும் ஹெர்பிஸ் வைரஸ்தான் சின்னம்மைக்குச் சொந்தக்காரன். தட்டம்மையும் பொன்னுக்கு வீங்கியும் பெயரில் ஒட்டும் இல்லை உறவும் இல்லை, ஆனால் அந்த இரண்டு வைரஸ்களும் ஒரே குடும்பம். ஊர் ஜனங்கள் உடம்பில் தெரிந்ததைப் பார்த்துப் பெயர் வைத்தார்கள், அறிவியல் உள்ளே இருக்கும் உயிரைப் பார்த்து வகை பிரித்தது. இதை டீச்சர் சொன்ன அன்று எனக்கு ஏதோ ஒரு கதவு திறந்த மாதிரி இருந்தது.

அப்புறம் கள் பாடம். அதை மறந்தவர் நம் செட்டில் யாரும் இருக்க முடியாது. வகுப்பில் ஒருவனுடைய அப்பா கள் இறக்குபவர். எங்கள் பாலக்காட்டுச் சித்தூர் தாலுகாவில் அது அதிசயம் இல்லை. காலையில் இறக்கியதில் ஒரு சின்னப் பாட்டில் கொண்டுவரச் சொல்லி, ஒரு சொட்டை மைக்ரோஸ்கோப்பில் வைத்தார். முட்டை வடிவத்தில் ஈஸ்ட் செல்கள். சிலவற்றின் முதுகில் குட்டி ஒன்று மொட்டுவிட்டிருந்தது. ஈஸ்டும் பூஞ்சை இனம், செல்லுக்குள் நியூக்ளியஸ் உண்டு. அதைச் சுற்றித் தூசி போல நடுங்கிக்கொண்டிருந்தவை பாக்டீரியா, அவற்றுக்கு நியூக்ளியஸ் கிடையாது. ஈஸ்ட் சர்க்கரையைச் சாராயமாக்கும். நாள் கடந்தால் வேறு பாக்டீரியாக்கள் அந்தச் சாராயத்தைப் புளிக்காடியாக்கிவிடும். பானைக்குள் சுண்ணாம்பு தடவினால் காரத்தன்மையில் இவை எதுவும் பெருக முடியாது, அதனால்தான் பதநீர் இனிப்பாகவே இருக்கிறது. கிருமி என்றாலே நோய் என்று நினைத்திருந்த எங்களுக்கு, நம் ஊர் மரத்தில் இறங்கும் பானைக்குள்ளேயே ஒரு கூட்டம் வேலை செய்கிறது என்பது பெரிய செய்தி.

பாக்டீரியாவின் வடிவங்களைச் சாக்பீஸால் வரைந்து காட்டினார். உருண்டை, கோல், சுருள், காற்புள்ளி. காற்புள்ளி வடிவம் காலராவுக்கு. ராபர்ட் கோக் 1884-ல் கல்கத்தாவில் அதைப் பிரித்தெடுத்ததையும், 1959-ல் அதே நகரத்தில் சம்பு நாத் டே அந்தக் கிருமி கக்கும் நஞ்சுதான் உடம்பின் தண்ணீரைக் குடலுக்குள் இழுக்கிறது என்று நிரூபித்ததையும் சொன்னார். டேயின் பெயர் எந்தப் பாடப்புத்தகத்திலும் என் கண்ணில் பட்டதில்லை. நம் டீச்சர் வாயில்தான் கேட்டேன்.

இனி என் மாமாவின் விஷயம்.

ஆடி மாதம், மலையாளத்தில் கர்க்கடகம். நல்ல மழை. என் தாய்மாமா சேற்று வயலில் வேலை செய்துகொண்டிருந்தவர், காலில் அரிவாள் கீறிய காயம் இருந்தது. காய்ச்சல் வந்தது, நாலாம் நாள் கண் மஞ்சளானது. ஒரு கிளினிக்கில் பார்த்துவிட்டு, மஞ்சள் காமாலைதான், மருந்து எதுவும் வேண்டாம், ஓய்வெடுத்தால் போதும் என்று அனுப்பிவிட்டார்கள். வீட்டில் கீழாநெல்லியை அரைத்து மோரில் கொடுத்தோம், உப்பையும் எண்ணெயையும் நிறுத்தினோம்.

அந்த வாரம்தான் பலகையில் மஞ்சள் காமாலை, மஞ்ஞப்பித்தம் வரிசை வந்தது. மூன்றாவது கட்டத்தில் டீச்சர் ஒரு பெயரோடு நிற்கவில்லை. ஹெபடைடிஸ் வைரஸ், லெப்டோஸ்பைரா பாக்டீரியா, மலேரியாவைத் தரும் பிளாஸ்மோடியம் என்று மூன்று எழுதினார். "மஞ்சள் காமாலைங்கறது நோய் இல்ல பிள்ளைங்களா, அது நிறம். யாரு அந்த நிறத்தைப் பூசினாங்கன்னுதான் பார்க்கணும்" என்றார். நான் எழுந்து மாமாவைப் பற்றிச் சொன்னேன்.

"கெண்டைக்கால் வலிக்குதுங்கறாராடா? கண்ணு மஞ்சளோட செவந்தும் இருக்கா? மூத்திரம் கொறைஞ்சிருக்கா?"

மூன்றுக்கும் ஆமாம் என்றேன். சாயந்திரம் டீச்சர் என்னோடு வீட்டுக்கு வந்தார். பாட்டியிடம், "அம்மா, இது எலிப்பனியா இருக்கலாம், இன்னைக்கே கூட்டிட்டுப் போங்க" என்றார். இரவோடு இரவாக ஜீப் பிடித்துப் பாலக்காட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். சிறுநீரகம் பழுதாகத் தொடங்கியிருந்தது. பெனிசிலின் ஊசி போட்டார்கள், மாமா பிழைத்தார். எலியின் சிறுநீர் கலந்த வயல் தண்ணீரில் இருந்து, காயத்தின் வழியாக உடம்பில் ஏறிய லெப்டோஸ்பைராதான் எலிப்பனியைத் தரும் கிருமி. வைரஸாக இருந்திருந்தால் பெனிசிலின் எதுவும் செய்திருக்காது. பாக்டீரியா என்பதால் கேட்டது. வகை பிரிப்பது எதற்கு என்று யாராவது என்னிடம் கேட்டால் நான் மாமாவைத்தான் சொல்கிறேன்.

இப்படி மஞ்சளும் சிறுநீரகக் கோளாறும் சேர்ந்து வரும் காய்ச்சலை 1886-லேயே ஜெர்மன் மருத்துவர் அடோல்ஃப் வைல் விவரித்து எழுதிவிட்டார். அதைச் செய்யும் கிருமியை ஜப்பானில் இனாடாவும் இடோவும் கண்டுபிடிக்க 1915 ஆயிற்று. மூன்றாவது கட்டம் ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் காலியாகவே இருந்திருக்கிறது.

நான் மஸ்கட்டில் ஒரு மருத்துவமனை ஆய்வகத்தில் நுண்ணுயிர்ப் பிரிவில் 19 ஆண்டுகளாக இருக்கிறேன். நோயாளியின் ரத்தத்தில் கிருமி வளர்ந்தால் முதலில் செய்வது கிராம் சாயம்தான். 1884-ல் ஹான்ஸ் கிறிஸ்டியன் கிராம் கண்ட முறை. குழந்தைகளின் வாய்ப்புண்ணுக்குத் தடவுவார்களே ஊதா மருந்து, அதே சாயம். அப்புறம் அயோடின், அப்புறம் ஆல்கஹால், கடைசியில் சிவப்புச் சாயம். சுவர் தடித்த பாக்டீரியா ஊதாவைப் பிடித்துக்கொள்ளும். சுவர் மெலிந்தது ஊதாவை விட்டுவிட்டு இளஞ்சிவப்பாகும். "ஊதா உருண்டை, கொத்துக்கொத்தாக" என்றோ "இளஞ்சிவப்புக் கோல்" என்றோ டாக்டருக்குப் போன் செய்வேன். கிருமியின் முழுப்பெயர் தெரியும் முன்பே அவர் மருந்தை முடிவு செய்ய அது உதவும். வளர்ந்த கிருமியின் புரதங்களை எடைபோட்டுச் சில நிமிடங்களில் பெயர் சொல்லும் இயந்திரம் இப்போது இருக்கிறது. அது இருந்தும் கிராம் சாயத்தை நாங்கள் விடவில்லை.

உயிர்களை ஐந்து பெரும் பிரிவாகப் பிரிக்கும், டீச்சர் கற்றுக்கொடுத்த ஐந்து உலகப் பாகுபாடு, விட்டேக்கர் 1969-ல் சொன்னது, இன்று மாறிவிட்டது. பாக்டீரியா என்று நினைத்திருந்த ஒரு கூட்டம் ஆர்க்கியா என்னும் தனி இனம் என்று 1977-ல் கார்ல் வோஸ் காட்டினார். போன வருடம் ஊருக்குப் போனபோது இதை டீச்சரிடம் சொன்னேன். ஓய்வுபெற்றுப் பல வருடம் ஆகியும், ஒரு காகிதம் எடுத்துக் கோடு போட்டுக் குறித்துக்கொண்டார். பிறகு, லெப்டோஸ்பைராவைத் தான் ஒருநாளும் நேரில் பார்த்ததில்லை என்றார். அது மிக மெல்லிய சுருள். கிராம் சாயத்தில் சரியாகத் தெரியாது, பின்புலம் கறுப்பாக, கிருமி மட்டும் வெளிச்சமாகத் தெரியும் இருள்புல மைக்ரோஸ்கோப் வேண்டும். நம் பள்ளியில் அதற்கு வழியே இல்லை.

மஸ்கட் திரும்பியதும் ஒரு படம் அனுப்பினேன். கறுப்பு வானத்தில் வெள்ளை நூல் போல. முனை வளைந்து கேள்விக்குறி மாதிரி இருப்பதால்தான் அதன் பெயரில் இன்டரோகன்ஸ் என்று சேர்த்தார்கள் என்றும் எழுதினேன். அரை மணி நேரத்தில் பதில் வந்தது.

"கொக்கி ரெண்டு பக்கமும் இருக்கேடா. மாமாவுக்குக் காட்டினியா?"