கூட இருந்து அனுப்பியது

எங்கள் நாய் ராஜாவை 2019-ல் ஊசி போட்டு அனுப்பினோம். லாலியைப் போன வருஷம் ஆடியில். இரண்டு பேர் தலையும் கடைசியில் என் மடியில்தான் இருந்தது. நாய் வளர்க்கிறவர்கள் பல பேர் அந்த நேரத்தில் வெளியே போய் நின்றுவிடுகிறார்கள். "என்னால பாக்க முடியாதுப்பா" என்கிறார்கள். போகாதீர்கள், உள்ளேயே இருங்கள் என்று கேட்டுக்கொள்ளத்தான் இதை எழுதுகிறேன். ஆனால் அவர்கள் வந்த கதையைச் சொல்லாமல் போன கதையை மட்டும் சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

ஆற்காடு ரோட்டில் ஒரு மெடிக்கல் ஷாப்பில் எனக்கு வேலை. வேலூர்க்காரர்களுக்கு அந்த ஏரியாவைச் சொல்லத் தேவையில்லை. சிஎம்சி ஆஸ்பத்திரியைச் சுற்றி லாட்ஜ், மெடிக்கல், மெஸ், மறுபடியும் லாட்ஜ். போர்டுகளில் வங்காள எழுத்து. கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் இந்தியிலோ வங்காளத்திலோதான் மாத்திரை கேட்பார்கள். 2013-ல் மேற்கு வங்காளத்து மால்டாவிலிருந்து ஒரு குடும்பம் வந்து காந்தி ரோடு லாட்ஜில் தங்கியிருந்தது. எட்டு வயசுப் பையனுக்குத் தலசீமியா என்ற ரத்த நோய். எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சைக்காக வந்திருந்தார்கள். சிஎம்சியில் அதை 1986-லிருந்தே செய்கிறார்கள். சிகிச்சை முடிந்தாலும் உடனே ஊருக்குப் போக முடியாது. மாதக்கணக்கில் பக்கத்திலேயே இருந்து ரத்தப் பரிசோதனைக்குப் போய்வர வேண்டும். உடம்பில் எதிர்ப்பு சக்தியே இருக்காது என்பதால் நாய், பூனை எதையும் தொடக் கூடாது.

அந்த லாட்ஜ் படிக்கட்டில் ஒரு செவலைக் குட்டி கிடந்தது. தாய் வண்டியில் அடிபட்டுப் போயிருந்தது. பையன் மாஸ்க் போட்டுக்கொண்டு மாடி ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி கீழே பார்ப்பான். அவன் அம்மா இறங்கி வந்து பொரியைப் பாலில் ஊறவைத்துக் குட்டிக்குக் கொடுப்பார். மேலே இருந்து அவன் "லாலி, லாலி" என்று கத்துவான். குட்டி தலையைத் தூக்கி ஜன்னலைப் பார்க்கும். மாத்திரை கொடுக்கப் போகும்போதெல்லாம் இதைப் பார்த்திருக்கிறேன். அவன் ஒரு நாள்கூட அதைத் தொட்டதில்லை.

ஊருக்குக் கிளம்பும்போது அந்தம்மா குட்டியைத் தூக்கிக்கொண்டு நேராக எங்கள் கடைக்கு வந்தார். அரைகுறை இந்தியில் ஏதோ சொன்னார், பாதிதான் புரிந்தது. கடை முதலாளி பாய்தான், "வாங்கிக்கப்பா, அந்தம்மா அழுவுது பாரு" என்றார்.

சத்துவாச்சாரி வீட்டில் அம்மா வாசலிலேயே மறித்தாள். "இன்னாடா இத்த இட்டுகினு வந்துட்ட? வாடக வூட்டுல நாமளே ஒண்டிக்கினு கீறோம்." ராத்திரி பார்த்தால், கேவுரு களியை மோரில் கரைத்து விரலால் ஊட்டிக்கொண்டிருந்தாள். அதற்கப்புறம் பன்னிரண்டு வருஷமும் லாலிக்குச் சோறு போடுகிற வேலையை அம்மா யாருக்கும் விட்டுத்தரவில்லை.

ராஜா வந்தது 2016-ல். லேப்ரடார், எட்டு ஒன்பது வயசு இருக்கும் என்றார் எங்கள் கால்நடை டாக்டரம்மா. பைபாஸ் சர்வீஸ் ரோட்டில் யாரோ காரில் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போயிருக்கிறார்கள். கழுத்தில் பெல்ட் இருந்த இடத்தில் வளையமாக முடி கொட்டியிருந்தது. எந்தக் கார் வேகம் குறைத்தாலும் எழுந்து, பின்னங்காலை இழுத்துக்கொண்டு அதன் கதவு வரைக்கும் போவான். யார் இறங்குகிறார்கள் என்று பார்ப்பான். பிறகு பழைய இடத்துக்கே வந்து உட்காருவான். டீக்கடைக்காரர் பன் போட்டாலும், கண் ரோட்டில்தான் இருக்கும். மூன்றாம் நாள் என் மனைவியும் நானும் மச்சானுடைய டாட்டா ஏஸில் ஏற்றிக்கொண்டு வந்தோம்.

இதை எழுதும்போது இன்னும் கோபம் வருகிறது. மே மாதத்தில் 40 டிகிரியைத் தாண்டுகிற ஊர் இது. இங்கே ஹஸ்கி வாங்குகிறார்கள், செயின்ட் பெர்னார்ட் வாங்குகிறார்கள். குட்டியில் தூக்கிக்கொண்டு போட்டோ எடுக்கிறார்கள். வயசாகி இடுப்பு போனதும் பைபாஸ். நாட்டு நாய்க்காவது வெயிலைச் சமாளிக்கத் தெரியும். லாலி பகலெல்லாம் வேப்ப மரத்தடியில் பள்ளம் பறித்து ஈர மண்ணில் வயிற்றை ஒட்டிக்கொண்டு படுத்திருப்பாள். ராஜாவுக்கு அது வராது. அக்னி நட்சத்திரம் முடியும்வரை பாத்ரூம் தரையில் நனைத்த சாக்கைப் போட்டு வைப்போம். யாராவது குளிக்க வேண்டுமென்றால் அவனைக் கேட்டுத்தான் குளிக்க வேண்டும்.

வந்த வருஷமே அவனுக்கு உண்ணிக் காய்ச்சல். மூக்கில் ரத்தம் கசிந்தது, பிளேட்லெட் தரை தட்டியிருந்தது. நாலு வாரம் டாக்ஸிசைக்ளின் கொடுத்து மீட்டோம். அதன் பிறகுதான் கார் சத்தத்துக்கு எழுந்து போவதை நிறுத்தினான்.

மூன்றாவது ஆள் சூரி. 2021 நவம்பரில் பாலாற்றில் இரண்டு கரையும் தொட்டு வெள்ளம் வந்ததே, ஊரே பாலத்தில் நின்று வேடிக்கை பார்த்ததே, அப்போது. ஆற்று மணலிலேயே பிறந்து வளர்ந்த நாய்கள் எல்லாம் ரோட்டுக்கு ஏறிவிட்டன. அதில் ஒன்று அடிபட்டு முன்னங்கால் நசுங்கிக் கிடந்தது. காலை எடுக்க வேண்டியதாகிவிட்டது. மூன்று காலில் இன்றைக்கும் மாடிப்படி ஏறுகிறான்.

மூன்று பேருக்கும் கருத்தடை, வருஷா வருஷம் ரேபீஸ் ஊசி. இதில் எனக்குச் சமரசமே கிடையாது. கடித்த காயத்தில் மஞ்சள் அப்பிக்கொண்டு ஆயின்மென்ட் கேட்டு இன்னும் ஆட்கள் கடைக்கு வருகிறார்கள். குழாயைத் திறந்துவிட்டு, சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிஷம் கழுவவைத்து, கையோடு அரசு ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடுவேன். அன்றைக்கு ஒன்று, பிறகு 3, 7, 28-ம் நாள்களில் ஊசி. ஒன்றைக்கூட விடக் கூடாது. ரேபீஸ் வந்துவிட்டால் பிழைக்கவைக்க மருந்து இல்லை. நாயை நேசிக்கிறவன்தான் இதை முதலில் சொல்ல வேண்டும்.

2019-க்கு வருகிறேன். ராஜா ஒரு காலையில் எழுந்திருக்கவில்லை. ஈறு வெள்ளைக் காகிதமாக இருந்தது, வயிறு உப்பியிருந்தது. மண்ணீரலில் கட்டி வெடித்து உள்ளே ரத்தம் கசிகிறது, இந்த வயசில் ஆபரேஷன் தாங்க மாட்டான் என்றார் டாக்டரம்மா. கிளினிக்கில் எங்களுக்கு முன்னால் ஒரு குடும்பம் தங்கள் பொமேரியனை மேஜையில் வைத்துவிட்டு, கம்பவுண்டர் கையில் செயினைக் கொடுத்துவிட்டு, காரில் போய் உட்கார்ந்துகொண்டது. கெட்டவர்கள் இல்லை. அந்தப் பெண் வாயில் துப்பட்டாவைப் பொத்திக்கொண்டு ஓடினார். கதவு திறந்தே இருந்ததால் நான் பார்த்தேன். அந்த நாய் கம்பவுண்டரையும் பார்க்கவில்லை, ஊசியையும் பார்க்கவில்லை. கதவையே பார்த்துக்கொண்டிருந்தது. யாரோ பெஞ்சில் உட்கார்ந்தால் காதை நிமிர்த்தியது. டாக்டரம்மா அதன் தலையைத் தடவியபடி, "வருவாங்கடா, வருவாங்க" என்று சொல்லிக்கொண்டே மருந்தை ஏற்றினார்.

ராஜாவை ஏற்கெனவே ஒருமுறை விட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். இரண்டாம் தடவை அவன் கதவைப் பார்க்கும்படி ஆகக் கூடாது என்று மனைவியும் நானும் பேசிக்கொள்ளாமலே முடிவு செய்தோம். அவள் கால்பக்கம், நான் தலைப்பக்கம். அவன் கண் என்மேல்தான் இருந்தது.

லாலிக்கு இப்படித் திடீரென்று வரவில்லை. போன வருஷம் பொங்கல் சமயத்திலேயே தண்ணீர் அதிகமாகக் குடிக்க ஆரம்பித்தாள். ராத்திரியில் இரண்டு மூன்று தடவை கதவைச் சுரண்டினாள். ரத்தம் எடுத்துப் பார்த்ததில், கிட்னி எப்படி இருக்கிறது என்று காட்டுகிற கிரியாட்டினின் 4.8. நாய்க்கு ஒன்றரைக்குள் இருக்க வேண்டும். கிட்னி போன பிறகு திரும்பி வராது, இருக்கிற நாளைச் சுலபமாக்கலாம் என்றார் டாக்டரம்மா. வீட்டிலேயே குளுக்கோஸ் ஏற்றுகிற மாதிரி ஒன்றைக் கற்றுக்கொடுத்தார், நரம்பில் இல்லை, தோலுக்கு அடியில். ரிங்கர் லாக்டேட் என்ற உப்புநீர் பாட்டிலை வெந்நீரில் கொஞ்ச நேரம் போட்டு, என் மணிக்கட்டில் வைத்துச் சூடு பார்த்துவிட்டு, ஜன்னல் கம்பியில் மாட்டுவேன். தோள்பட்டை நடுவில் தோலை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்து ஊசியை நுழைக்க வேண்டும். திருகைத் திறந்ததும் முதுகில் ஒரு மேடு கட்டும். கொஞ்ச நேரத்தில் அது முன்னங்கால்வரை தளும்பி இறங்கி, விடிவதற்குள் உடம்பு இழுத்துக்கொள்ளும். லாலி அசையாமல் நிற்பாள். அம்மா முன்னால் உட்கார்ந்து ஒவ்வொரு பொரியாக ஊட்டுவாள். பாட்டில் முடியும்வரை பொரியும் முடியாமல் பார்த்துக்கொள்வாள்.

எப்போது போதும் என்று முடிவு செய்வது? இதைத்தான் எல்லாரும் கேட்கிறார்கள். டாக்டரம்மா சொன்ன வழி இது: அவளுக்கு ரொம்பப் பிடித்த மூன்று காரியங்களை எழுதிக்கொள்ளுங்கள், தினமும் குறித்து வாருங்கள். பால் கணக்கு எழுதுகிற காலண்டரில் மனைவி எழுத ஆரம்பித்தாள். பொரி தின்பது, பால்காரர் ஹாரன் சத்தத்துக்கு கேட்டுக்குப் போவது, சூரியை விரட்டிவிட்டுச் சாக்கைப் பிடிப்பது. ஆனி மாதம் முழுக்க மூன்றில் ஏதாவது இரண்டு இருந்தது. பிறகு ஒன்று. ஆடி பிறந்ததும் வெறும் கட்டங்கள்.

அம்மா ஒப்புக்கொள்ளவில்லை. "உசுர எடுக்க நாம யாருடா? தானா போவட்டும்." அவளோடு வாதாட நான் தயாராக இல்லை. அவள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. அந்த வாரமே லாலிக்கு வாயெல்லாம் புண். கிட்னி கழிவு ரத்தத்தில் ஏறினால் அப்படி ஆகும். தண்ணீர்க் கிண்ணத்தண்டை போவாள், நாக்கை வைப்பாள், எரிந்ததும் பின்வாங்குவாள், மறுபடியும் போவாள். அம்மா திண்ணையிலிருந்து ஒரு மத்தியானம் முழுக்க அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சாயங்காலம் எனக்குப் போன் வந்தது. "போதும்டா. அந்த டாக்டரம்மாவ வரச் சொல்லு."

லீவு கேட்கத் தயங்கி நின்றபோது பாய் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "நாளைக்கு வராத. நாளன்னைக்கும் வராத" என்றார். லாலியை அன்றைக்கு வாங்கிக்கச் சொன்னதே அவர்தான்.

மறுநாள் ஆடி வெள்ளி. அம்மா விளக்கேற்றிவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். வேப்ப மரத்தடியில், லாலி பறித்த பள்ளத்துக்குப் பக்கத்திலேயே பாய் விரித்திருந்தோம். முதலில் தொடையில் ஒரு மயக்க ஊசி. பத்து நிமிஷத்தில் தலை கனத்து என் மடியில் சாய்ந்தது. குறட்டை விட்டாள். அதற்குப் பிறகுதான் முன்னங்கால் நரம்பில் தயோபென்டோன், உயிரை அடக்குகிற மருந்து. மூச்சு முதலில் நிற்கும், இதயம் கொஞ்சம் கழித்து. கண் மூடாது. எல்லாம் முடிந்த பிறகும் ஒரு பெருமூச்சு வரலாம், சிறுநீர் போகலாம், அது வலி இல்லை. இதையெல்லாம் டாக்டரம்மா முன்னாடியே சொல்லிவிட்டதால் நாங்கள் பதறவில்லை. நீங்களும் முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். சூரியைக் கட்டிப்போடவில்லை. வந்து மோந்து பார்த்தான், காதண்டை ரொம்ப நேரம் மோந்தான், போய்ச் சாக்கில் படுத்துக்கொண்டான்.

ஊசூரில் மச்சான் கழனி ஓரத்தில் ராஜாவுக்குப் பக்கத்தில் குழி வெட்டினோம். நாலடிக்குக் குறையக் கூடாது. அந்த மருந்து உடம்பிலேயே தங்கியிருக்கும். நரியோ நாயோ தோண்டித் தின்றால் அதுவும் செத்துப்போகும். மேலே கல் அடுக்கி வேலிகாத்தான் முள்ளை வெட்டிப் போட்டோம். "நாய்தானே, இன்னொண்ணு வாங்கிக்க மாப்ள" என்று அங்கே ஒருத்தர் சொன்னார். பெரியவர், ஆறுதலாகத்தான் சொன்னார். நான் பதில் சொல்லவில்லை. மண்வெட்டியைக் கழுவி வைத்துவிட்டு வந்தோம்.

மால்டாவுக்குச் சொல்ல வேண்டியிருந்தது. வருஷத்துக்கு ஒரு தடவையாவது அந்தம்மா வீடியோ காலில் லாலியைப் பார்ப்பார். பையன் இப்போது காலேஜ் படிக்கிறான். போனை அவன்தான் எடுத்தான். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு அவன் அம்மா வாங்கிப் பேசினார். ஒவ்வொன்றாகக் கேட்டார். வலித்ததா? ஊசி போட்டபோது முழித்திருந்தாளா? கடைசியாக என்ன சாப்பிட்டாள்? யார் பிடித்துக்கொண்டிருந்தது? எந்த இடத்தில் வைத்தீர்கள், நிழல் இருக்கிறதா? என் இந்தி இத்தனை வருஷத்தில் கொஞ்சம் தேறியிருக்கிறது. ஒன்றையும் விடாமல் சொன்னேன். என் மடியில்தான் அவள் மூச்சு நின்றது என்பதையும் சொன்னேன்.

ஜனவரியில் பையனுக்கு செக்கப் இருந்தது. இரண்டு பேரும் வந்தார்கள். லாட்ஜில் ரூம் போடவிடவில்லை அம்மா, வீட்டிலேயே தங்கவைத்துவிட்டாள். பையனை ஊசூருக்கு வண்டியில் கூட்டிக்கொண்டு போனேன். சூரியும் முன்னால் ஏறி நின்றுகொண்டான்.